இருவர் நடுவே நின்ற மூன்றாமவர்



2021-ஆம் ஆண்டு வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். (போதகர் திரைப்படத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்க விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நேரில் கேளுங்கள், தேநீரோடு பதில் சொல்லுகிறேன்.) வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய அந்தக் கதையில் மோதியவர்களின் முகங்கள் நம் மனத்தில் நிற்கின்றன; கற்றுக்கொடுத்த வாத்தியாரின் முகமும் நிற்கிறது. மேடையில் நடுவராக நின்றவரின் முகம் யாருக்கேனும் நினைவிருக்கிறதா? 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கியதைப் பெரியவர்கள் இன்றும் ஆசையோடு சொல்லுவார்கள். அன்று அந்த இருவருக்கும் இடையில் நின்றவர் யார் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரிவதில்லை. எல்லாரும் பார்க்கும் இடத்தில் நின்றும் ஒருவர் கண்ணிலும் படாமல் போவது நல்ல நடுவருக்கு ஓர் இலக்கணம் என்றே தோன்றுகிறது.

யோபு 9-ஆம் அதிகாரத்தின் 33-ஆம் வசனத்தை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தேவனுக்கும் தனக்கும் நடுவே ஒரு மத்தியஸ்தன் இல்லையே என்று யோபு அங்கே ஏங்குகிறான். தூரத்தில் ஆசனமிட்டு அமர்ந்து தீர்ப்பெழுதுகிற ஒருவரை அவன் தேடவில்லை. இரு பக்கத்தார்மேலும் கைவைத்து நிற்கக்கூடிய ஒருவரைத் தேடுகிறான். மற்ற விளையாட்டுகளில் நடுவர் ஊதலை ஊதுவார், அட்டையைக் காட்டுவார். குத்துச்சண்டையிலோ அவர் அடித்துக்கொள்ளும் இரண்டு சரீரங்களுக்கு இடையே புகுந்து, இருவர்மேலும் கைவைத்துப் பிரிக்கிறார். அதனால் அந்த வசனத்துக்கு வரும்போதெல்லாம் என் மனம் ஒரு குத்துச்சண்டை மேடைக்குப் போய்விடுகிறது. அங்கே நிற்கிறவரைப்பற்றித்தான் இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர் பெயர் ரூபி கோல்ட்ஸ்டீன். 1907-ல் பிறந்த யூதர். நியூயார்க் நகரில் லோயர் ஈஸ்ட் சைடு என்னும் பகுதி, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கே வளர்ந்த பையன்களுக்கு வெளியேறும் வழிகளில் ஒன்றாகக் குத்துச்சண்டை இருந்தது. ரூபி என்றால் மாணிக்கக்கல். யூதக் குடியிருப்பின் மாணிக்கம் என்றே மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். தொடர்ந்து வென்றுகொண்டிருந்த அந்த இளைஞரை 1926 ஜூன் மாதத்தில் ஏஸ் ஹட்கின்ஸ் என்பவர் நான்காம் சுற்றில் வீழ்த்தினார். முதற்சுற்றிலே ஹட்கின்ஸைத் தரையில் தள்ளியவர் கோல்ட்ஸ்டீன்தான். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மறு ஆண்டும் சிட் டெரிஸ் என்பவரோடு ஏறக்குறைய அதுவே நடந்தது: எதிராளியை முதலில் வீழ்த்தினார், அதே சுற்றில் தானும் வீழ்ந்தார். நல்ல கைகள் உண்டு, தாடையோ அடி தாங்காது என்று பேசினார்கள்.

இதை எதற்குச் சொல்லுகிறேனென்றால், பிற்காலத்தில் அவர் நடுவரானபோது நினைவிழந்து விழுவது எப்படியிருக்கும் என்பதைத் தன் சரீரத்திலேயே அறிந்தவராக மேடையேறினார். எதிராளி தள்ளாடும்போது அடுத்த நிமிடத்திலேயே ஆட்டம் தலைகீழாகக்கூடும் என்பதும் அவருக்குத் தெரியும். இவ்விரண்டு அறிவும் ஒரே மனிதருக்குள் இருந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவராக அவர் முப்பதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டப் போட்டிகளை நடத்தினார். 1947 டிசம்பர் 5-ஆம் தேதி ஜோ லூயிஸும் ஜெர்சி ஜோ வால்காட்டும் மோதிய போட்டி அவற்றுள் ஒன்று. லூயிஸ் பத்தாண்டுகளாக வெல்லமுடியாத வீரர், நாடே நேசித்தவர். வால்காட்டோ ஏறக்குறைய யாரும் பொருட்படுத்தாத ஒரு குடும்பஸ்தர். அன்றிரவு வால்காட் இருமுறை லூயிஸைத் தரையில் வீழ்த்தினார். ஆயினும் மேடையோரம் அமர்ந்திருந்த இரண்டு தீர்ப்பாளரும் லூயிஸுக்கே வெற்றியளித்தார்கள். மூன்றாவது வாக்கு மேடைமேல் நின்ற நடுவருடையது. கோல்ட்ஸ்டீன் வால்காட் வென்றதாக எழுதிக்கொடுத்தார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் தீர்ப்பு தோற்றது, பட்டம் லூயிஸிடமே இருந்தது. கூட்டமோ முடிவைக் கேட்டுக் கூச்சலிட்டது. பெரியவன் முகத்துக்கு அஞ்சாமல், சிறியவன் முகத்துக்கு இரங்காமல் நியாயந்தீர்க்கவேண்டும் என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்தவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

இன்னொரு போட்டி நம் ஊர் வெயிலை நினைவூட்டுகிறது. 1952 ஜூன் 25, யாங்கீ ஸ்டேடியம். சுகர் ரே ராபின்சனும் ஜோயி மாக்சிமும் மோதினார்கள். விளக்குகளின் கீழே வெப்பம் ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ். அக்னி நட்சத்திர நாளில் பூரணாங்குப்பத்திலிருந்து தவளக்குப்பம் வரை உச்சிவேளையில் நடந்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. அந்த வெக்கையில் முதலில் தளர்ந்தவர் நடுவர்! பத்தாம் சுற்றோடு கோல்ட்ஸ்டீனால் நிற்கமுடியாமல் போயிற்று. ரே மில்லர் என்னும் வேறொரு நடுவர் மேடையேறினார். புள்ளிகளில் முன்னணியிலிருந்த ராபின்சனும் பதின்மூன்றாம் சுற்றுக்குமேல் எழும்பமுடியாமல் தோற்றார். இருவருக்கு நடுவே நிற்கிறவனும் களைத்துப்போகிற மண்தானே.

இப்போது 1962-க்கு வருகிறேன். இதைச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும்.

பென்னி பரெட் கியூபா நாட்டில் சாந்தா கிளாரா என்னும் ஊரில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு இல்லை; சிறுவயதில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களின் கைகளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தக் கைகளோடு அமெரிக்காவுக்குப் போய், வெல்டர்வெயிட் எடைப்பிரிவில் உலகப் பட்டத்தையே வென்றார். 1961 டிசம்பரில் தன்னைவிடப் பெரிய எடைப்பிரிவில் ஜீன் ஃபுல்மரோடு மோதிக் கடுமையாக அடிபட்டார். நான்கு மாதங்கள்கூட நிறையவில்லை, எமீல் கிரிஃபித்தோடு அடுத்த போட்டிக்கு அவர் நிறுத்தப்பட்டார். அவ்வளவு சீக்கிரத்தில் அவரை மேடையேற்றியவர்களைப்பற்றி உலகம் குறைவாகவே பேசியது. வயது 25. வீட்டில் சிறு குழந்தை ஒன்று. மனைவி மறுபடியும் கருவுற்றிருந்தார்.

மார்ச் 24, சனிக்கிழமை இரவு, மாடிசன் ஸ்கொயர் கார்டன். எடை பார்க்கும்போது பரெட் சொன்ன ஓர் இழிசொல் கிரிஃபித்தின் உள்ளத்தில் நெருப்பாக இருந்தது. ஆறாம் சுற்றின் முடிவில் பரெட் கிரிஃபித்தைத் தரையில் வீழ்த்தினார். மணி அடித்ததால் கிரிஃபித் தப்பினார். பன்னிரண்டாம் சுற்றில் கிரிஃபித் பரெட்டை ஒரு மூலையில் மடக்கினார். அதன்பின் நடந்தவற்றுக்குச் சில நொடிகளே ஆயின. பரெட்டின் கைகள் தாழ்ந்துவிட்டன, தலை கயிறுகளுக்கு இடையே சாய்ந்தது. அவர் விழவில்லை, ஏனென்றால் கயிறுகள் அவரை விழவிடவில்லை. விழுந்திருந்தால் எண்ணிக்கை தொடங்கியிருக்கும், அடி நின்றிருக்கும். நிமிர்த்திப் பிடித்த கயிறே அவருக்குக் கண்ணியாயிற்று. குத்து மேல் குத்து விழுந்தது. கோல்ட்ஸ்டீன் பாய்ந்து கிரிஃபித்தைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார். பரெட் கயிற்றோரமாக மெல்லச் சரிந்தார். அவர் நினைவு திரும்பவேயில்லை. பத்து நாட்கள் கழித்து, ஏப்ரல் 3-ஆம் தேதி, மருத்துவமனையில் இறந்தார்.

தொலைக்காட்சியில் அமெரிக்கா முழுவதும் அதைப் பார்த்தது. ஏன் முன்னமே நிறுத்தவில்லை என்று ஒரே கேள்வி எல்லாப் பக்கத்திலிருந்தும் எழுந்தது. கோல்ட்ஸ்டீனுக்காகப் பேசினவர்களும் உண்டு. பரெட் அடிபட்டதுபோல் நடித்து எதிராளியை ஏமாற்றுவார் என்று பெயர் வாங்கியிருந்தார். ஆறாம் சுற்றில் அவரே வெற்றிக்கு அருகில் வந்திருந்தார். உலகப் பட்டத்தை ஒருவனிடமிருந்து அவசரப்பட்டுப் பறிக்க எந்த நடுவர் துணிவார்? மேடையின் மூலையில் நின்ற அவருடைய பயிற்சிக் குழுவும் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். விசாரணை நடந்தது, கோல்ட்ஸ்டீன்மேல் குற்றமில்லை என்று முடிந்தது. அவருடைய நடுவர் பணியும் ஏறத்தாழ அதோடு முடிந்துபோயிற்று. 1984-ல் இறந்தார். அவர் மறைந்து பத்தாண்டுக்குப் பின், 1994-ல், குத்துச்சண்டைப் புகழ்மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். ஆனாலும் இன்று அவர் பெயரைச் சொன்னவுடன் அந்த முப்பதுக்கு மேற்பட்ட போட்டிகள் ஒருவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அந்தச் சில நொடிகளே வருகின்றன.

அந்தப் படச்சுருளை மெதுவாக ஓட்டிப் பார்த்தவர்கள் ஒவ்வொரு குத்தாக எண்ணினார்கள். கோல்ட்ஸ்டீனுக்கு அப்படிப்பட்ட மெதுவான காலம் கொடுக்கப்படவில்லை. அவரைக் குற்றஞ்சாட்ட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக, ஒன்றும் நடவாததுபோல் கடந்துபோகவும் என்னால் முடியவில்லை. ஒரு தாயின் மகன் செத்துப்போனான். இந்த இரண்டையும் ஒருமிக்க மனத்தில் வைத்துக்கொண்டு நிற்கவே நான் உங்களையும் அழைக்கிறேன். அவசரப்பட்டு ஒன்றை உதறிவிடாதீர்கள்.

சீக்கிரமே நிறுத்துகிறவனுக்காவது நற்பெயர் கிடைக்குமா? 1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகாஸில் ஜூலியோ சீசர் சாவேஸும் மெல்ட்ரிக் டெய்லரும் மோதினார்கள். புள்ளிக்கணக்கில் டெய்லர் முன்னணியில் இருந்தார். கடைசிச் சுற்றின் கடைசி நொடிகளில் வீழ்த்தப்பட்டு எழுந்தார். நலமா என்று நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் இருமுறை கேட்டும் பதில் வராததால் போட்டியை நிறுத்தினார். மீதமிருந்தது இரண்டு நொடி. டெய்லர் பட்டத்தை இழந்தார். அந்த இரண்டு நொடிக்காக ஸ்டீலை அரங்கங்களில் பல ஆண்டுகள் கூச்சலிட்டு அவமதித்தார்கள். டெய்லரோ அன்றிரவு முகத்தில் எலும்பு முறிவோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார் என்பதைக் கூச்சலிட்டவர்கள் பேசவில்லை. தாமதித்தவரையும் ஏசினார்கள், முந்தினவரையும் ஏசினார்கள். எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் ஸ்டீலின் கைகளைப் பிடித்து நன்றி சொல்லுவேன். டெய்லர் என்னிடம் கோபப்படட்டும். கோபப்பட அவர் உயிரோடிருந்தார்.

பிரியமானவர்களே, இந்த மேடை நியூயார்க்கிலோ லாஸ் வேகாஸிலோ மட்டும் இல்லை. நம் கொம்யூனிலுள்ள ஒரு தெருவை எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன், நீங்களும் ஊகிக்க முயலவேண்டாம். சில மாதங்களுக்கு முன் நள்ளிரவில் ஒரு சகோதரி இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். முகத்தைப் பார்த்தவுடன் என் மனைவி ஒன்றும் கேட்காமல் உள்ளே அழைத்துக்கொண்டாள். சாராயக்கடையிலிருந்து திரும்பும் இரவெல்லாம் அந்த வீட்டில் சத்தம் கேட்பது அந்தத் தெருவுக்கே தெரியும். மறுநாள் நான் போய்ப் பேசியபோது நல்ல மனிதர்கள், ஜெபிக்கிறவர்கள், ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அது புருஷன் பெண்சாதி விவகாரம் ஐயா, நாம் எப்படி நடுவே போவது?" ஒரு பெரியவர் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: "அந்தப் பெண்ணும் சும்மா இருக்கிறவள் அல்ல, பதிலுக்குப் பேசுகிறவள்தான்."

பரெட்டைப்பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். நடிப்பான், தாங்குவான், திருப்பி அடிப்பான். அந்தச் சகோதரி விழாமல் நின்றதையே அவள் தாங்குகிறாள் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அவளை நிமிர்த்திப் பிடித்த கயிறுகள் எவை என்று எண்ணிப்பார்த்தேன். பிள்ளைகள், தாய்வீட்டின் மானம், சபையில் என்ன சொல்லுவார்களோ என்ற பயம். கொலோசெயர் 3:13-ல் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பதையும் அவளிடம் யாரோ எடுத்துக் காட்டியிருந்தார்கள். அந்த வசனத்தை அடிவாங்குகிறவளிடம் மட்டும் வாசித்து அடிக்கிறவனிடம் வாசிக்காமல் விடுவது வேதத்தை வாசிப்பதாகாது.

அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் தள்ளி, 15-ஆம் வசனத்தில், தேவசமாதானம் நம் இருதயங்களில் ஆளவேண்டும் என்கிறார் பவுல். அங்கே மூலமொழியான கிரேக்கத்தில் வரும் சொல் 'பிராபியூவோ'. அரசன் ஆளுவதைக் குறிக்கும் வழக்கமான சொல் அல்ல அது. பந்தயக் களத்தில் நடுவர் நின்று தீர்ப்பளிப்பதைக் குறிக்கும் சொல். பவுலுக்கு அந்தக் களம் தெரியும். கொரிந்து நகரின் அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை இஸ்துமியப் போட்டிகள் நடந்தன. அந்தக் கொரிந்தியருக்கு எழுதும்போதுதான், 1 கொரிந்தியர் 9:26-ல், குத்துச்சண்டைக்கு உரிய சொல்லையே எடுத்து, காற்றை அடிக்கிறவனைப்போல் தான் போராடவில்லை என்கிறார். அக்காலச் சண்டையில் சுற்றுகள் இல்லை, இடைவேளையும் இல்லை. கைகளில் தோல்வாரைச் சுற்றிக்கொண்டு, ஒருவன் விழும்வரை அல்லது தோல்வியை ஒப்புக்கொண்டு விரலை உயர்த்தும்வரை அடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் நடுவர் கோலோடு நின்றார். முறைதவறினவன் முதுகில் அந்தக் கோல் விழுந்தது. ஆகவே சமாதானம் என்று பவுல் சொல்லும்போது வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் கேட்காததுபோல் இருக்கும் அமைதியை நினைக்காதீர்கள். களத்தில் இறங்கி, போதும் என்று சொல்லி, இருவருக்கும் நடுவே கையை நீட்டுகிற சமாதானம் அது.

1 தீமோத்தேயு 2:5 காட்டும் மத்தியஸ்தரும் அப்படி இறங்கினவரே. யோபு ஏங்கித் தேடினவர் அவர், இருவர்மேலும் கைவைத்தார். கோல்ட்ஸ்டீன் அடிக்கிறவனைப் பின்னாலிருந்து இழுத்தார். நம் ஆண்டவரோ முன்னாலே வந்து நின்றார், அடி அவர்மேல் விழுந்தது. இதற்குமேல் விளக்கிச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ல் இயற்றப்பட்ட சட்டத்தின் நான்காம் பிரிவு, அடி நடக்கிறது என்று அறிந்த எவரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்கலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்கோ இழப்பீடோ வராது என்றும் சொல்லுகிறது. அயலார் சொல்லலாம், உறவினர் சொல்லலாம், போதகர் சொல்லலாம். பெண்களுக்கான உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098. வரும் ஞாயிறு இந்த எண்களை ஆலய வாசலில் எழுதி ஒட்டுகிறோம். ஆலயத்துக்குப் பொருத்தமில்லை என்று நினைப்பவர்கள் அதற்கும் தேநீர் நேரத்துக்கு வாருங்கள்.

எமீல் கிரிஃபித்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க மனமில்லை. அவர் 2013 வரை வாழ்ந்தார். மேலும் பதினைந்தாண்டுகள் மேடையேறினார், ஆனால் பழைய வேகத்தோடு ஒருவரையும் அடிக்கத் தன்னால் முடியவில்லை என்றார். அந்த இரவு பல ஆண்டுகள் அவர் கனவில் வந்தது. 2005-ல் ஓர் ஆவணப்படத்துக்காகப் பரெட்டின் மகன் அவரைச் சந்தித்துக் கட்டித் தழுவிக்கொண்டார். தந்தை இறந்தபோது சிறு குழந்தையாயிருந்த மகன் அவர். நிறுத்தாமல் விடப்பட்ட அடி, வாங்கினவனோடு சேர்த்து அடித்தவனையும் நாற்பதாண்டுக்குமேல் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சகோதரி இப்போது தன் தமையன் வீட்டில் இருக்கிறாள். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். சட்டப்படியான காரியங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. நலமாக முடியுமா என்று இன்னும் சொல்லமுடியாது. புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லாமல் அவளுக்காக ஜெபிப்போம். அவள் கணவனுக்காகவும் ஜெபிப்போம். சென்ற வாரம் குடிநீக்க சிகிச்சைக்கு வருவதாக என்னிடம் ஒத்துக்கொண்டிருக்கிறான். அவனை அழைத்துப்போக மூப்பர்களில் ஒருவர் என்னோடு வந்தால் நலமாயிருக்கும்.